எண்ணெயைத் துடைத்த கை

அன்புள்ள அண்ணா,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஏழு வருஷம் இருந்தாயிற்று. நீ உயிரோடு இருந்தபோது நீ பேசினாய், நான் கேட்டேன். நீ செத்த பிறகு உன்னைப் பற்றி ஊர் பேசுகிறது, அதையும் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசைக்கு மணி அடித்துவிட்டது. கோவில்பத்து வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் பிரசங்கத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போகவில்லை. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை நீ படிக்க மாட்டாய். செத்தவர்களுக்குக் காது கிடையாது என்று எழுதியவனே நீதான். அதனால்தான் உன் கட்டுரைகளைப் போட்டுவந்த அதே பத்திரிகைக்கு இதை அனுப்பப் போகிறேன். உனக்குக் கேட்காவிட்டால் போகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும்.

போன வாரம் நம் கோவில் திருநாள் மலர் வந்தது. வழவழப்பான தாள். நடுப்பக்கத்தில் உன் படம். மெட்ராஸ் ஸ்டூடியோவில் எடுத்தாயே, கன்னத்துக்குப் பக்கத்தில் பீடியைப் பிடித்துக்கொண்டு, அது. பீடியை அழித்துவிட்டார்கள். இரண்டு விரல் மட்டும் எதையோ பிடித்தபடி காற்றில் நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு நீ ஆசீர்வாதம் கொடுப்பது போலிருக்கும். மேலே கொட்டை எழுத்தில் ‘திரும்பி வந்த ஆடு’ என்று தலைப்பு. கடவுள் இல்லை என்று ஆயுசு முழுக்க எழுதிய கை, கடைசி மூச்சில் சிலுவை வரைந்ததாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தாளைக் கிழிக்க ஆத்திரம் வந்தது. கிழிக்கவில்லை. நான் எதைத்தான் கிழித்தேன்?

அடுத்த ஞாயிறு கோவில் மண்டபத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்கள். பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவர் இளவயதுக்காரர், மோட்டார் சைக்கிளில் வருகிறார். என்னைப் பள்ளிக்கூட வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

“சார், அண்ணனப் பத்தி நீங்கதான் ரெண்டு வார்த்த பேசணும். கூட இருந்து பாத்தவரு நீங்க.”

“எனக்கு மேடையில பேச வராது சாமி.”

“பாடம் நடத்துறவருக்குப் பேச வராதா? அஞ்சு நிமிசம் போதும். அந்தக் கையத் தூக்குனாரே, அத மட்டும் சொல்லுங்க. ஜனங்க அழுதுடுவாங்க.”

சரி சாமி என்றேன். அவர்தான் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். எனக்கு இன்னும் நான்கு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் கூட வரவில்லை. அவர் அன்றைக்கு அங்கே இல்லை. எழுதிவைத்த காகிதத்தை நம்புகிறார். அந்தக் காகிதத்தில் கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. இடுப்பளவு உயரம். தெற்கே நாங்கள், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள். வடக்கே சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். தண்ணீர் ஊற்றிய சாமியார் ஒருவர்தான், நாக்கில் வைத்த அப்பமும் ஒன்றுதான், மண் மட்டும் வேறு. வடக்குப் பக்கத்தின் கோடியில், பனைமரங்களுக்குக் கீழே, மந்திரிக்காத தரை கொஞ்சம் கிடக்கிறது. ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே செத்துப்போன குழந்தைகளை அங்கே புதைப்பார்கள். சாதி பார்க்காமல் புதைக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஞான உபதேச வகுப்பில் நீ எழுந்து நின்று கேட்டது ஞாபகமிருக்கிறதா? “உபதேசியாரே, மோட்சத்துலயும் நடுவுல சுவர் இருக்குமா? இருந்தா கேட் எந்தப் பக்கம்?” உன் முதுகில் பிரம்பு விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்ததற்கு எனக்கும் விழுந்தது. நீ அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் அன்றோடு சிரிப்பதை நிறுத்தினேன். நம் இரண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் கேள்வி கேட்கிற பையன் எல்லோரும் நாத்திகனாகிவிடுவதில்லை. நீ ஆனது எப்போது என்று எனக்குத் தெரியும். உன் வாசகர்களுக்குத் தெரியாது, நீ எழுதவே இல்லை. அண்ணிக்குப் பிறந்த பையன் ஒரு நாள்தான் இருந்தான். அடைமழை. சாமியார் வர நேரமாகிவிட்டது. ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றலாம், பதறிப்போய் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தெற்கே நம் தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் கேட்டாய். முடியாது என்றார் சாமியார். வெட்டியான் மிக்கேல்தான் பனைமரத்தடியில் குழி தோண்டினார். பையனைத் துண்டில் சுற்றி நீயே கொண்டுபோனாய். திரும்பி வந்து, கால் கழுவிவிட்டு, சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைக் கழற்றித் தரையில் வைத்தாய். உடைக்கவில்லை. துணி போட்டு மூடி வைத்தாய். அதற்கு அடுத்த வாரம் மெட்ராஸுக்கு ரயில் ஏறினாய்.

பிறகு நீ எழுதியதெல்லாம் ஊர் அறியும். சிலுவையில் அறையப்பட்ட அந்தத் தச்சனோடு எனக்குச் சண்டை இல்லை, அவன் செத்த பிறகு அவன் பெயரில் ஆபீஸ் திறந்தவர்களோடுதான் சண்டை என்று எழுதினாய். பிறந்த ஒரு நாளில் ஒருவன் என்ன பாவம் செய்திருக்க முடியும் என்று எழுதினாய். கிளிஞ்சல்மேட்டில் கடலுக்குப் போனவன் திரும்பி வந்தால் மாதாவுக்கு நன்றி சொல்கிறீர்கள், திரும்பாதவன் பெண்டாட்டியும் அதே மெழுகுவர்த்தியைத்தானே ஏற்றினாள் என்று கேட்டாய். உன்னை எல்லா ஊரிலும் மேடை போட்டுக் கூப்பிட்டார்கள். பட்டணத்துக்காரர்கள் கை தட்டினார்கள். இங்கே காரைக்காலில் உன் பெயரைச் சொல்லி என்னைப் பார்த்தார்கள்.

நீ அந்தப் பக்கம் யோசித்தாயா, ஒரு நாளாவது? நீ மெட்ராஸில் தீயைப் பற்ற வைப்பாய், புகை இங்கே என் வீட்டுக்குள் வரும். உன் கட்டுரை வந்த வாரமெல்லாம் தாளாளர் அறைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு தடவை தலைமையாசிரியர் பதவி என் கைக்கு வந்து நழுவியது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் அழுததை ‘பயத்தின் பழக்கம்’ என்று எழுதினாய். அம்மா உனக்காகத்தான் அழுதாள், முட்டாள்.

சுவரைப் பற்றிய உன் கட்டுரையை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் ஒரு தம்பி வருவான். அண்ணன் நின்றுகொண்டு கேள்வி கேட்பான், தம்பி முழங்காலில் நின்று பதில் தெரியாமல் செபம் சொல்வான். ‘முழங்கால் தம்பி’ என்று பெயர் வைத்தாய். எங்கள் ஆசிரியர் அறையில் பத்து வருஷம் அது ஓடியது. “என்ன சார், முட்டி வலி தேவலையா?” என்பார்கள். ஒருவர் கோடாலித் தைலம் வாங்கி என் மேசையில் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் முழங்காலில் நிற்கிறவன்தான். இன்றைக்கும் நிற்கிறேன். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் இருக்கிறார் என்றுதான் சொல்வேன். உன் நாத்திகம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அது உன்னுடையது. நீ ஒரு பையனைக் கொடுத்து வாங்கியது. அதை உன் சவத்திலிருந்து உருவிக்கொண்டார்கள். நான் பிடித்துக் கொடுத்தேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் நுரையீரல் கெட்டுப்போய், அண்ணியோடும் இரண்டு டிரங்குப் பெட்டியோடும் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாய். உன்னை மேடை போட்டுக் கூப்பிட்டவர்களில் ஒருவனும் வீடு கொடுக்கவில்லை. முழங்கால் தம்பிதான் கொடுத்தான். ஒரு நாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதி, என் சட்டைப் பையில் செருகினாய்.

“என்ன இது?”

“படி. வாத்தியார்தானே.”

படித்தேன். சாமியார் வரக்கூடாது. எண்ணெய் கூடாது. பனைமரத்தடியில், பையனுக்குப் பக்கத்தில். கீழே உன் முழுப்பெயர், கையெழுத்து.

“ஊர் என்ன சொல்லும் தெரியுமா?” என்றேன்.

“ஊர் சொல்றதக் கேக்கவாடா சாகுறேன்? சாமியார உள்ள விட்டே, எந்திரிச்சு வந்து ஒதைப்பேன்.”

“செத்தவனுக்குக் காது இல்லன்னு எழுதுன. காலு மட்டும் இருக்குமா?”

நீ சிரித்தாய். இருமலும் சிரிப்பும் கலந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உன்னைச் சிரிக்க வைத்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசி இரண்டு நாள் உனக்கு நினைவு இல்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, எம்புள்ளதான் இருட்டுல கெடக்கு. இவரையாவது வெளிச்சத்துல போடுங்க.” சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். எரித்துவிடுங்கள் என்றேன். பிறகு நானே சைக்கிளில் போய்ச் சாமியாரை அழைத்து வந்தேன். நானே போனேன் அண்ணா. யாரும் என்னை அனுப்பவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாகிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதலை அவர் ஆரம்பித்தார். உன் நெற்றியில் எண்ணெய் பட்டது. உன் வலது கை எழுந்தது. நெற்றியைத் தொட்டது. மார்பில் விழுந்தது. அவ்வளவுதான். இடது தோளுக்கும் போகவில்லை, வலது தோளுக்கும் போகவில்லை.

“பாத்தீங்களா? சிலுவ போடுறாரு!” என்றார் சாமியார். உபதேசியார் முழங்காலில் விழுந்தார். அண்ணி ஓவென்று அழுதாள்.

எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளப்பும்போது அம்மா நம் தலையில் வழிய வழிய எண்ணெய் வைப்பாள். அது நெற்றியில் இறங்கினால் நீ புறங்கையால் வழித்துச் சட்டை மார்பில் துடைப்பாய். வெள்ளைச் சட்டையில் கறை விழும். அம்மா தலையில் குட்டுவாள். அதே கை. அதே புறங்கை. சிலுவை போடுகிறவன் யாராவது புறங்கையால் போடுவானா? நீ எண்ணெயைத் துடைத்தாய். நினைவே இல்லாத நேரத்திலும் துடைத்தாய்.

சாயங்காலம் நீ போய்விட்டாய். தெற்குப் பக்கம் புதைக்க வேண்டுமென்றால், மரித்தவர் மனஸ்தாபப்பட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தார் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் சாமியார். உபதேசியார் போட்டார். பேனா என்னிடம் வந்தது. அண்ணிக்காகப் போட்டேன் என்று ஏழு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலைக்காகப் போட்டேன் என்று சில நாள். இரண்டும் உண்மைதான். மூன்றாவது ஒன்று இருக்கிறது. பேனாவைப் பிடித்தபோது அந்தத் தைல பாட்டில்தான் கண்ணில் நின்றது. ஊருக்கு முன்னால் என்னை முழங்காலில் நிறுத்தினாய் அல்லவா? நீயும் ஒரு தடவை சிலுவை போடு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே போட்டேன்.

தெற்கே, தாத்தா பக்கத்தில், சலவைக்கல் சிலுவையோடு படுத்திருக்கிறாய். பையன் சுவருக்கு அந்தப் பக்கம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சாகிறவரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். குற்றவாளிக்கு மௌனம் வசதி. ஆனால் இப்போது வடக்குப் பக்கத்துப் பையன்கள் சுவரை இடிக்கச் சொல்லி ஆயருக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். மிக்கேலின் பேரனும் அதில் ஒருவன். காலேஜ் படிக்கிறான். உன் கட்டுரையைத்தான் மனுவோடு இணைத்திருக்கிறான். அதற்கு நம் ஆட்கள் சொல்கிற பதில் என்ன தெரியுமா? எழுதினவனே கடைசியில் மனசு மாறி இந்தப் பக்கம் வந்து படுத்துக்கொண்டான், உங்களுக்கு என்ன? திருநாள் மலரில் அவசரமாக உன் படத்தைப் போட்டதும் அதற்காகத்தான். உன் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. சுவருக்கு முட்டுக் கொடுக்க ஒரு பிணம் வேண்டியிருந்தது.

மிக்கேலுக்குப் பிறகு அவர் மகன் சந்தியாகுதான் குழி வெட்டுகிறான். உனக்கும் அவன்தான் வெட்டினான். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு கிளாஸோடு பக்கத்தில் வந்தான்.

“வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு.”

“பொஸ்தகத்துல போட்டுருக்காமே. அண்ணன் நெசமாலுமே மனசு மாறித்தான் செத்தாரா?”

நான் டீயைக் குடித்தேன். கிளாஸ் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா,” என்றான். “ஒடம்பு முடியாதப்பகூட ஒரு நாளு ரிக்சாவுல வந்து எறங்குனாரு. பனமரத்துக்கிட்ட நின்னு, ‘சந்தியாகு, எனக்கு இங்க ஒரு ஆள் எடம் போட்டு வையி’ன்னாரு. நானும் வச்சுருந்தேன். இன்னும் அங்க யாரையும் போடல. மாறிட்டாருன்னா சொல்லிடுங்க. பச்சப் புள்ளைங்களுக்கு எடம் பத்தல.”

ஏழு வருஷம், அண்ணா. அவன் உன் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். கூடப் பிறந்த என்னை விடவும், கை தட்டிய பட்டணத்துக்காரர்களை விடவும், உன் வார்த்தையை நம்பியவன் அவன் ஒருவன்தான். நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறாயா? “பஸ் வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் வரவில்லை. சைக்கிள் அங்கேயே நின்றது, மறுநாள் போய் எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். கண் சரியாகத் தெரிவதில்லை இப்போது. மலரைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, உன் படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“பீடியக் காணுமே தம்பி.”

“அழிச்சுட்டாங்க அண்ணி.”

“அது இல்லாம அவரு யாரு?” மலரை மேசையில் வைத்தாள். பிறகு, “அன்னைக்கு அவரு எண்ணெயத்தான் தொடச்சாரு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? முப்பது வருசம் அவரு சட்ட தொவச்சவ நானு” என்றாள்.

“அப்ப ஏன் அழுதீங்க?”

“மாறலியேன்னு அழுதேன்.”

உள்ளே போனாள். மாதா படத்தைத் திருப்பி, பின்னால் அட்டைக்குள் செருகியிருந்த தாளை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். காலண்டர் தாள். மடிப்பில் பூச்சி அரித்திருக்கிறது. எழுத்து அப்படியே இருக்கிறது.

“எரிக்கலியா?”

“அவரு கையெழுத்து. அத எப்புடி எரிக்கிறது?” என்றவள், வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பினாள். “வெளிச்சம், இருட்டுன்னு அன்னைக்கு என்னமோ சொன்னேன். இப்ப எனக்குக் கண்ணே தெரியல. எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. புள்ள மட்டும் அங்க தனியாக் கெடக்கு.”

இன்னமும் என் கோபம் தீரவில்லை. யார் மேல் என்று கேட்காதே. சுவரைக் கட்டினவர்கள் மேல். அதை உன் பிணத்தால் தாங்கிப் பிடிக்கிறவர்கள் மேல். எங்களை இங்கே விட்டுவிட்டுப் பெரிய ஆளாகப் போய், சாக மட்டும் என் வீட்டுக்கு வந்த உன் மேல். இந்தக் கை மேல்.

இரண்டு மணி நேரமாகிவிட்டது. பூசை முடிந்து கூட்டம் என் ஜன்னலைத் தாண்டி வீடு திரும்புகிறது. தபாலாபீஸ் நாளைதான். ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் இன்றே போட்டுவிடலாம். காலண்டர் தாளையும் இதோடு வைத்து ஒட்டுகிறேன். உன் எழுத்தைப் பத்திரிகைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், அச்சுக்கு உன் கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண் கெட்டவர்கள் அவர்கள். என் பெயரைக் கீழே எழுத நினைத்து இரண்டு தடவை பேனாவைக் கொண்டுபோனேன். போடப்போவதில்லை. பொய்க்குப் போட்ட கையெழுத்தை உண்மைக்குப் போட்டு அசிங்கப்படுத்த வேண்டாம் என்று நல்லதாக ஒரு காரணம் எழுதி, அடித்துவிட்டேன். காரணம் பயம். நான்கு வருஷ சர்வீஸ். படிக்கிறவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனாலும் கையெழுத்து இல்லையென்றால் நான் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நீ சிரிப்பாய், சிரி. சாட்சி சொல்ல உன் கையெழுத்து இருக்கிறது. அது போதும், என்னுடையது வேண்டாம்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கிருந்து நேராகச் சந்தியாகு வீட்டுக்குப் போவேன். அந்த இடத்தில் யாரையும் போட வேண்டாம், அண்ணன் மாறவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அங்கே பெயரை மறைக்க முடியாது. நான் யாரென்று அவனுக்குத் தெரியும்.

உன் முழங்கால் தம்பி